சென்னை–திருச்சி இரவுப் பயணம்: 100-ல் போகலாமா?

தென்திசை:
பொங்கலுக்குக் குடும்பத்தோடு சென்னையிலிருந்து திருச்சிக்கு இரவில் காரில் கிளம்புகிறோம். புது வண்டி, ஏபிஎஸ், ஆறு ஏர்பேக் உண்டு. நான்குவழிச் சாலையில் காருக்கு 100 வரை அனுமதி இருக்கிறதே, அதிலேயே போகலாம் என்கிறார் தம்பி. 80-ஐத் தாண்டக் கூடாது என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி? கணக்கோடு சொன்னால் வீட்டில் காட்டுவேன்.

மைல்கல்:
அப்பா சொல்வதுதான் சரி. லோ பீமில் (ஹெட்லைட்டைத் தாழ்த்தி) போனால் 80-உம் அதிகம்.

ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்கு வர ஒன்றரை நொடி ஆகும். 80-ல் அதற்குள் 33 மீட்டர் ஓடிவிடும். நல்ல டயர், காய்ந்த சாலை என்றால் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 35. மொத்தம் 68 மீட்டர். 100-ல் இதுவே 42-உம் 55-உம் சேர்ந்து 97. மழை பெய்திருந்தால் 140-ஐ நெருங்கும்.

68 மீட்டருக்கு அப்பால் மாடு நிற்கிறது என்று வையுங்கள். 80-ல் வந்த வண்டி அதன் முன்னால் நின்றுவிடும். 100-ல் வந்தது, பிரேக்கை முழுதாக மிதித்த பிறகும், அந்த இடத்தைச் சுமார் 72 கி.மீ. வேகத்தில் கடக்கும். தம்பியிடம் இந்த ஒரு எண்ணை மட்டும் காட்டுங்கள், போதும்.

லோ பீம் தெளிவாகக் காட்டுவது 50, 60 மீட்டர்தான். அதற்குள் நிற்க வேண்டுமானால் 70 தாண்டக் கூடாது. முன்னும் எதிரிலும் வண்டி இல்லாதபோது ஹை பீம் போட்டு 80-ல் போங்கள். 100 என்பது 2018-ல் நிர்ணயித்த உச்சவரம்பு. ஊர் அருகே பலகையில் 50 என்று இருந்தால் அங்கே 50தான்.

லாரி பாடி கட்டுபவர்:
மாட்டைவிடப் பெரிய ஆபத்து ஓரத்தில் நிற்கும் லாரி. பொங்கல் நேரம் விழுப்புரம் பக்கம் கரும்பு டிராக்டர்களும் ஓடும். டிரெய்லரில் டெயில் லைட் எரியாது. சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் இருந்தாலும் சேறு அப்பியிருக்கும், இல்லையென்றால் கரும்புத் தோகை தொங்கி மறைத்திருக்கும்.

ஏர்பேக்கை நம்பி வேகம் போகாதீர்கள். காரின் முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்வதற்காகவே செய்யப்பட்டது. ஆனால் லாரியின் பின்தளம் பானெட்டைவிட உயரம். பின்னால் அண்டர்ரன் கார்டு (கார் அடியில் நுழையாமல் தடுக்கும் குறுக்குக் கம்பி) இல்லாமலோ துருப்பிடித்தோ இருந்தால் கார் அடியில் நுழைந்துவிடும். அடி நேராகக் கண்ணாடியிலும் கூரைத் தூணிலும் விழும். அந்த உயரத்தில் காப்பாற்ற எதுவும் இல்லை. இடது ஓரத்தை ஒட்டி ஓட்டாதீர்கள்.

தென்திசை:
பதறுகிறது சார். அப்போ ஏபிஎஸ்ஸால் பயனே இல்லையா?

டயர்க்கடை:
பயன் உண்டு, ஆனால் காய்ந்த சாலையில் நிற்கும் தூரத்தை அது பெரிதாகக் குறைக்காது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும்; அதனால் முழு பிரேக்கிலும் ஸ்டீயரிங் கேட்கும். பெடல் அதிரும்போது பயந்து காலை எடுக்கக் கூடாது, அழுத்தியே வையுங்கள்.

கிளம்பும் முன் டயர் ஆறியிருக்கும்போது காற்றுப் பாருங்கள். டிரைவர் கதவுத் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். முழு லோடுக்கான அளவு அதில் தனியாகப் போட்டிருக்கும், அதை வையுங்கள். காற்று குறைந்தால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும், வேகத்தில் வெடிப்பது அதனால்தான். வெடித்தால் பிரேக்கில் கால் வைக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். வேகம் தணிந்தபின் ஓரம் கட்டுங்கள். டயர் தேய்ந்து, பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் டயரை மாற்றாமல் கிளம்பவே கூடாது.

பின்சீட்டில் இருப்பவர்களுக்கும் பெல்ட் போடுங்கள். குழந்தையை மடியில் வைக்கவே வேண்டாம்.

மைல்கல்:
நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 300 கி.மீ.க்கு 80-ல் மூன்றே முக்கால் மணி, 100-ல் மூன்று மணி. மிச்சம் 45 நிமிடம் என்பது தாளில்தான். டோல்கேட், ஊர், டீக்கடை என்று அதில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

இரவு 2 முதல் 5 வரை ஓட்டாதீர்கள். கண் மூன்று நொடி மூடினால் 80-ல் 67 மீட்டர் யாரும் ஓட்டாத வண்டி. விடியலில் பனிமூட்டம் இருந்தால் ஹை பீம் திருப்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். லோ பீம் போட்டு 40-க்கு இறங்குங்கள். முடிந்தால் காலை ஆறரைக்குமேல் கிளம்புங்கள்.

தென்திசை:
இரவுப் பயணத்தை விட்டுவிட்டோம். காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம், 80-ல். பின்சீட்டு பெல்ட் பக்கிள் சீட்டுக்கு அடியில் புதைந்து கிடந்தது, எடுத்து வைத்துவிட்டேன்.