இரவு முகாமுக்கு ஒரே ஒரு சாரண ஆசிரியர் போதுமா?

திருமங்கலம் தந்தை

என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். அவனுடைய பள்ளிச் சாரணர் படையில் 24 பேர் இருக்கிறார்கள். சென்ற மாதம் அழகர்மலை அடிவாரத் தோப்பு ஒன்றில் இரண்டு இரவு முகாம் என்று ஒப்புதல் கடிதம் கொடுத்தனுப்பினார்கள். உடன் செல்லும் பெரியவர்கள் என்ற இடத்தில் சாரண ஆசிரியர் ஒருவரின் பெயர் மட்டுமே இருந்தது. அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவரிடம் முடிச்சுப் போடக் கற்ற பிறகு, வீட்டில் கொடிக்கயிறு கட்டும் வேலையைக்கூட என் மகன் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆயினும் நான் கையெழுத்திடவில்லை. இன்னொரு பெரியவர் உடன் சென்றால் அனுப்புகிறேன், ஆள் கிடைக்காவிட்டால் நானே வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். வேறு சிலரும் அவ்வாறே எழுதவே, முகாம் கைவிடப்பட்டது. பையன் நான்கு நாட்கள் என்னோடு பேசவில்லை. நான் செய்தது தவறா என்பதைச் சாரணர் இயக்கத்தை உள்ளிருந்து அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மேலூர் ஓய்வாசிரியர்

மனம் நோக வேண்டாம், ஐயா. தவறு என்றே சொல்வேன். நான் 26 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகவும் சாரண ஆசிரியராகவும் இருந்தவன். சனிக்கிழமைகளை விட்டுக்கொடுத்து, கூடாரத் துணிக்கும் கயிற்றுக்கும் கைக்காசு போட்டு நடத்திய படை அது. முகாமுக்கு இன்னோர் ஆசிரியரைக் கேட்டால், அவருடைய வகுப்புகளை யார் பார்ப்பது என்று தலைமையாசிரியர் திருப்பிக் கேட்பார். அதற்கு என்னிடம் விடை இராது, நான் தனியாகவே புறப்படுவேன். இருவர் இல்லாமல் முகாம் கூடாது என்று அன்றைக்கு ஒரு விதி இருந்திருந்தால், என் பிள்ளைகளில் பலர் கூடாரத்துக்குள் ஓர் இரவுகூடப் படுத்திருக்க மாட்டார்கள்.

பெற்றோர் உடன் வருவது அதைவிடப் பெரிய சிக்கல். இந்த இயக்கத்தின் உயிர் அணி முறையில் இருக்கிறது. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணி, அவர்களிலேயே ஒருவன் தலைவன். விறகு பொறுக்குவதிலிருந்து இரவுக் காவல் வரை அவர்களே பங்கிட்டுக்கொள்வார்கள். ஒரு முகாமுக்கு ஒரு தந்தை வந்தார். பையன்கள் அடுப்பு மூட்டத் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல், தாமே உட்கார்ந்து படை முழுவதற்கும் சாம்பார் வைத்துவிட்டார். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது, முகாம்தான் கெட்டது. சாரண விதிகளில் முதலாவது, சாரணன் நம்பத்தகுந்தவன் என்பது. அந்த விதியைச் சொல்லிக்கொடுக்கும் மனிதரையே நம்ப மறுத்தால் பையன் எதைக் கற்றுக்கொள்வான்?

கே.கே. நகர் சாரணியத் தலைவி

ஐயாவின் உழைப்பைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் நம்பிக்கையையும் ஏற்பாட்டையும் அவர் ஒன்றாகக் கலக்கிறார். அழகர்மலை அடிவாரத்தில் இரவு பதினொரு மணிக்கு ஒரு பையனைப் பாம்பு கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெரியவர் அவனை அழைத்துக்கொண்டு மேலூர் அரசு மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ ஓடினால், மற்ற 23 பேரோடு யார் இருப்பார்கள்? அவர் தோப்பிலேயே தங்கிவிட்டால் கடிபட்டவனோடு ஆம்புலன்சில் யார் ஏறுவார்கள்? இந்தக் கேள்விக்கும் அந்த ஆசிரியர் நல்லவரா என்பதற்கும் தொடர்பே இல்லை.

வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிற மற்றொரு செய்தியும் உண்டு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயது நிறையாதவர்கள் எல்லோரும் குழந்தைகள். குழந்தைக்கு எதிராக நடந்த பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதும் குற்றம். அமெரிக்கச் சாரணர் அமைப்பின் கதையை நாம் படிக்கத்தான் வேண்டும். பல பத்தாண்டுகளாக நடந்த அத்துமீறல்கள் வழக்குகளாகக் குவிந்து, 2020-இல் அந்த அமைப்பு திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 80,000-க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கோரினார்கள். சிறுவர்களோடு பெரியவர் எவரும் தனித்திருக்கக் கூடாது, குறைந்தது இருவர் வேண்டும் என்பது இன்று அங்கே கண்டிப்பான விதி. அந்த விதி நல்ல ஆசிரியருக்கும் கவசம். வீண்பழி ஒன்று எழுந்தால் அவருக்காகச் சாட்சி சொல்ல ஒருவராவது இருப்பார்.

மேலூர் ஓய்வாசிரியர்

அமெரிக்காவின் குற்றத்துக்கு மேலூரில் தண்டனையா, அம்மா? இந்த இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-இல் இங்கிலாந்தின் பிரௌன்சீத் தீவில் ஏறக்குறைய இருபது சிறுவர்களோடு முதல் முகாமை நடத்தியபோது, பெற்றோரிடம் அனுமதி வாங்கினாரே தவிர, பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

கே.கே. நகர் சாரணியத் தலைவி

ஐயா எடுத்த சான்று என் பக்கமே நிற்கிறது. பிரௌன்சீயில் பேடன் பவல் தனியாக இல்லை. அவருடைய பழைய படைத்தோழர் மெக்லாரன் உடன் இருந்தார், வேறு பெரியவர்களும் உதவினார்கள். அவர்கள் இருந்ததால் அணி முறை குலைந்துவிடவில்லை. நான்கு அணிகளும் தம் வேலையைத் தாமே செய்தன. ஆகவே, இரண்டாவது பெரியவர் வந்தாலே பையன்களின் பொறுப்பு பறிபோய்விடும் என்ற வாதம் முதல் முகாமிலேயே அடிபட்டுப்போகிறது.

வைகைக்கரைத் திரிசாரணன்

எனக்கு வயது 22. சாரணர் இயக்கத்தில் இளைஞர்களுக்கான மூத்த பிரிவான திரிசாரணரில் இருக்கிறேன். இருவரும் பள்ளிக்குள்ளும் வீட்டுக்குள்ளும் மட்டுமே ஆள் தேடுகிறீர்கள். என்னைப் போல் பள்ளிப் படையிலிருந்து வெளியேறிய பழைய சாரணர்கள் மதுரையில் எத்தனையோ பேர் இருக்கிறோம். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் எங்களைச் சேவைக்கு நிறுத்தும்போது, எங்கள் தலைவர் ஒருவனைக்கூடத் தனியாக விடுவதில்லை; கூட்ட நெரிசலில் மயங்கி விழுந்தவரை ஒருவன் தாங்கினால் மற்றவன் வழி விலக்க வேண்டும் என்பார். முகாமுக்கும் அது பொருந்தும். பெற்றோரைவிட நாங்கள் மேல். அடுப்பு புகைந்தால் புகையட்டும் என்று சும்மா இருக்க எங்களுக்குத் தெரியும்.

கே.கே. நகர் சாரணியத் தலைவி

தம்பியின் யோசனையை ஏற்கிறேன், இரண்டு நிபந்தனைகளோடு. திரிசாரணர் பிரிவில் பதினாறு வயதுப் பையன்களும் உண்டு. சட்டத்தின் கண்ணில் அவர்களே குழந்தைகள் என்பதால், அவர்களைப் பெரியவர் கணக்கில் சேர்க்க முடியாது. மேலும், பழைய சாரணர் என்ற ஒரே தகுதி போதாது. தலைவர்களுக்கான அடிப்படைப் பயிற்சியை முடித்தவராகவும் பள்ளியின் எழுத்துவழி அனுமதி பெற்றவராகவும் அவர் இருக்க வேண்டும். என் சாரணியர் படைக்கு மற்றோர் ஆசிரியை வராமல் நான் இரவு தங்கியதே இல்லை. அதனால் இரண்டு ஆண்டுகள் பகல் முகாம் மட்டுமே நடந்தது. பிள்ளைகளுக்கு அது இழப்புதான், மறுக்கவில்லை.

மேலூர் ஓய்வாசிரியர்

பாம்புக்கடிக் கேள்வியை நேற்று இரவு முழுவதும் புரட்டிப் பார்த்தேன். ஒருமுறை சிறுமலைப் பக்கம் ஒரு பையனுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. அணித் தலைவர்கள் நால்வரையும் எழுப்பிப் படையை ஒப்படைத்துவிட்டு, அவனைப் பக்கத்து ஊர்க்காரரின் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். விடியும் முன் திரும்பியபோது எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. இத்தனை நாளும் அதை அணி முறையின் வெற்றி என்றே சொல்லிவந்தேன். அந்த நால்வரில் மூத்தவனுக்கு அப்போது பதினைந்து வயது என்பதை இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். ஆள் கிடைக்காத சிற்றூர்ப் பள்ளிகள் இந்த விதியால் முகாமையே இழக்கும் என்ற என் கவலை மட்டும் மாறவில்லை. விதி போடுகிறவர்கள் ஆளையும் ஏற்பாடு செய்து தர வேண்டும்.

திருமங்கலத்தாரே, உங்கள் பள்ளி மறுபடி முகாம் வைத்தால், பயிற்சி பெற்ற திரிசாரணர் ஒருவரை முதலில் தேடச் சொல்லுங்கள். கிடைக்கவில்லையென்றால் நீங்களே போங்கள். உங்கள் கூடாரம் தள்ளியே இருக்கட்டும், உங்கள் மகன் எந்த அணியில் இருக்கிறானோ அந்தப் பக்கம் போக வேண்டாம்.

திருமங்கலம் தந்தை

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. சோறு குழைந்தாலும் வாய் திறக்கக் கூடாதா?

மேலூர் ஓய்வாசிரியர்

கருகினாலும் கூடாது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து வர வேண்டும்.