புதுப்பிப்பு: 8086 அசெம்பிளியில் 2559-க்கு மேற்பட்ட எண்ணைத் தசமத்தில் காட்டுவது (தீர்ந்தது)

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. 8086 செயலியின் ஏஎக்ஸ் பதிவகத்தில் (ரெஜிஸ்டர்) இருக்கும் 16 பிட் எண்ணை டாஸ் திரையில் தசமமாகக் காட்ட வேண்டும். 2559 வரை சரியாக வருகிறது, 2560 கொடுத்தால் 'டிவைட் ஓவர்ஃப்ளோ' என்று நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன்.

பலித்தது, வகுப்பானான 10-ஐ 8 பிட் பதிவகமான பிஎல்லில் வைப்பதற்குப் பதில் 16 பிட் பிஎக்ஸில் வைத்து வகுக்கச் சொன்ன யோசனை. வகுப்பான் 8 பிட் என்றால் ஈவு ஏஎக்ஸின் கீழ்ப்பாதியான ஏஎல்லுக்குள் அடங்க வேண்டும், அதாவது 255-ஐத் தாண்டக்கூடாது. 2560-ஐ 10-ஆல் வகுத்தால் 256. அங்கேதான் இடித்தது. இப்போது ஒவ்வொரு சுற்றிலும் டிவ்வுக்கு (வகுக்கும் கட்டளை) முன், வகுபடும் எண்ணின் மேல்பாதியான டிஎக்ஸைப் பூஜ்யமாக்கி, வகுத்து, மீதியை ஸ்டாக்கில் (கடைசியில் வைத்தது முதலில் வரும் அடுக்கு) தள்ளி, எத்தனை இலக்கம் என்று சிஎக்ஸில் எண்ணிக்கொள்கிறேன். ஈவு பூஜ்யமானதும் ஒவ்வொன்றாக பாப் செய்து (வெளியே எடுத்து), இலக்கத்தை எழுத்தாக்க 30 ஹெக்ஸ் கூட்டி, டாஸ் சேவையான இண்ட் 21 ஹெக்ஸின் 2-ஆம் செயல்பாட்டால் அச்சிட்டால் இலக்கங்கள் நேர்வரிசையில் வந்துவிடும். ஈவைச் சோதிப்பது வகுத்த பிறகுதான் என்பதால் 0-வும் ஒழுங்காக வருகிறது. 65535 வரை பார்த்தாயிற்று.

ஏஏஎம் (ஏஎல்லை 10-ஆல் வகுத்து இரண்டு இலக்கமாகப் பிரிக்கும் கட்டளை) யோசனை 99 வரைக்கும் அழகு. அப்புறம் உதவாது.

எதிர்பாராதது, குறை எண்களில் வந்தது. முதலில் '-' அச்சிட்டு, பிறகு நெக் (குறியை மாற்றும் கட்டளை) செய்கிறேன் (அச்சிடும்போது ஏஎக்ஸ் அழியும், முன்பே ஸ்டாக்கில் புஷ் செய்துவையுங்கள்). -32768-க்கு நெக் போட்டாலும் அதன் ஹெக்ஸ் வடிவமான 8000 ஹெக்ஸ் அப்படியேதான் நிற்கிறது. ஆனாலும் டிவ் அதைக் குறியில்லாத 32768 என்றே எடுத்துக்கொள்வதால் விடை சரியாக விழுகிறது! குறியோடு வகுக்கும் சிடபிள்யூடி, ஐடிவ் ஜோடி போட்டால்தான் மீதி -8 என்று வந்து, திரையில் கண்ட எழுத்தெல்லாம் தெரியும்.