புதுப்பிப்பு: புல்வெட்டும் இயந்திரத்தின் ஆயில் கசிவு நின்றது

எஞ்சினுக்கு அடியில், பிளேடு பக்கம் ஆயில் சொட்டுகிறது, காரணம் சம்ப் கேஸ்கெட்டா (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியின் இணைப்பை அடைக்கும் தாள்), கிராங்க் ஷாஃப்ட் சீலா (பிளேடைச் சுற்றும் தண்டைச் சுற்றி ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) என்று முன்பு கேட்டிருந்தேன். சீல்தான்.

எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, சம்ப் இணைப்பைச் சுற்றி டால்கம் பவுடர் தூவிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். பவுடர் ஈரமாகவில்லை. ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் மேலே இருக்கும்படி சாய்த்துப் பார்த்தால், ஷாஃப்டைச் சுற்றி மட்டும் பளபளவென்று ஆயில்.

பெட்ரோலையும் ஆயிலையும் வடித்துவிட்டு பிளேடைக் கழற்றினேன். பழைய சீலின் ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி இறுகிக் கிடந்தது. அதில் சின்ன ஸ்க்ரூவை முடுக்கிக் குறடால் இழுத்ததும் வந்துவிட்டது. அப்போது ஷாஃப்டில் கீறல் விழக்கூடாது, விழுந்தால் புது சீலும் கசியும். ஷாஃப்டில் சாவிக்கட்டை உட்காரும் பள்ளத்தின் (கீவே) கூர்மை புது சீலின் உதட்டை, அதாவது ஷாஃப்டைத் தொடும் உள்விளிம்பை, கிழித்துவிடும் என்பதால் அங்கே டேப் சுற்றி, உதட்டில் ஆயில் தடவி, சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் எஞ்சினின் உள்பக்கம் பார்க்க நுழைத்தேன். சீலின் விட்டத்துக்குச் சரியான குழாய்த்துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டினால் கோணாமல் உட்காரும். அப்புறம் டேப்பை உரித்தெடுக்க வேண்டும்.

பிரீதரையும் (எஞ்சினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியேற்றும் பாகம்) பாருங்கள். அது அடைத்தால் கிராங்க் கேஸில் (ஷாஃப்ட் சுற்றும் கூடு) அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி ஆயில் வரும். என்னுடையது பிசுபிசுவென்றிருந்தது, மாற்றிவிட்டேன். புது ஆயிலை டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டோடு நிறுத்தினேன். இப்போது அடிப்பக்கம் காய்ந்தே இருக்கிறது.