அன்னப் பறவைகள் புடைத்து நிற்கும் அந்த மைசன் பீங்கான் தட்டைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்பேக்கரை:
ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரின் ஸ்விங்கர் அரண்மனை அருங்காட்சியகத்தில் பார்த்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. சாக்சனி அமைச்சர் பிரூல் பிரபுவுக்காக மைசன் பீங்கான் ஆலையில் சிற்பி கேண்ட்லர் 1737 முதல் 1742 வரை செய்த விருந்துப் பாத்திர செட், 2,000 உருப்படிக்கு மேல், உங்களுக்குத் தெரிந்ததுதான். நேரே நின்று பார்த்தால் வெள்ளைத் தட்டு, ஓரத்தில் தங்கக் கோடு, அங்கங்கே சின்னப் பூ. கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தேன், வெளிச்சம் சாய்ந்து விழுந்ததும் நாணல், கொக்கு, இரண்டு அன்னங்கள் எல்லாம் வெள்ளைக்குள்ளிருந்தே புடைத்து வந்தன. இதன் மேலே சாஸை ஊற்றிச் சாப்பிட எப்படி மனசு வந்ததோ!

வெண்களிமண்:
சாப்பிடத்தானே செய்தார்கள்? சாப்பிட்டு முடிக்க முடிக்க அன்னம் வெளியே வரும், அதுதான் அழகே. அப்புறம், வெறும் வெள்ளைத் தட்டு மாதிரி எழுதாதீர்கள், வெள்ளையில் குறை பளிச்சென்று தெரியும். மற்றத் தட்டுகளில் சூளையில் கரும்புள்ளி விழுந்தால் அதன் மேல் ஒரு பூச்சியை வரைந்து மறைத்துவிடுவார்கள். லண்டன் வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்) அருங்காட்சியகத்தில் செல்சி என்ற லண்டன் பீங்கான் ஆலையின் செடி வரைந்த தட்டு ஒன்று, 1750களில் செய்தது, செடிக்குச் சம்பந்தமே இல்லாத மூலையில் ஒரு புழு, குனிந்து பார்த்தால் அதற்கடியில் சின்ன மேடு! உங்கள் அன்னத் தட்டில், அந்தச் சின்னப் பூக்களை விட்டால், அப்படி ஒளிக்க ஏது இடம்?

கோப்பைப்பித்து:
நான் பார்த்தது கோபன்ஹேகன் ரோசன்போர்க் அரண்மனையில், 1790இல் செய்யத் தொடங்கிய ஃப்ளோரா டானிகா என்ற டென்மார்க் பீங்கான் செட். வேர், விதை விடாமல் வரைந்த டென்மார்க் செடிகள், செடியின் லத்தீன் பெயர் தட்டின் பின்பக்கத்தில். விருந்தாளி தட்டைக் கவிழ்த்தா படிப்பார்? அதே யோசனையாக இருக்கிறது.

மைசன் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடிப்பக்கத்தில் மைசன் ஆலை போடும் குறுக்கு வாள் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில்கூட அதைப் போலவே போட்டு விற்றார்கள். முத்திரை பளபளப்புப் பூச்சுக்கு அடியில் நீலமாக இருக்க வேண்டும், விரலால் தடவினால் தட்டுப்படக் கூடாது. வாள்களோடு ஒரு புள்ளி இருந்தால் ஏறக்குறைய 1763 முதல் 1774 வரை, கீழே நட்சத்திரம் இருந்தால் 1774 முதல் 1814 வரை. வாளுக்குக் குறுக்கே கீறல் இருந்தால் ஆலையே இரண்டாம் தரம் என்று ஒதுக்கியதாக இருக்கலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். அடிப்பக்கப் படம் அனுப்பாதவரிடம் பணம் கட்டவே வேண்டாம்.

எல்பேக்கரை:
வாங்கும் எண்ணம் இல்லை சார். வெண்களிமண், அந்தப் புழுத் தட்டு எந்த அறையில் இருக்கிறது?