சர்வர் மும்பைல இருந்தா கண்ண மூடிட்டு கையெழுத்து போடணுமா?

நாஞ்சில் புரொபசர்: முகம் பாத்து அட்டெண்டன்ஸ் போடுற ஆப் வாங்க ஃபைல் போட்டா, செக்யூரிட்டி பாக்கணும்னு சிஸ்டம் செக்‌ஷன்ல அமுக்கி வச்சிருக்காங்க. செமஸ்டர் பாதி போயாச்சு. சர்வர் மும்பைல தான இருக்கு, பொறவு என்னத்த பாக்கணும்?

தக்கலை அட்மின்: சாரே, இத விக்க வந்தவன் சொன்னா பரவாயில்ல, நீங்களும் சொல்லுதீங்களே. சர்வர் எங்க இருக்குன்னு யாரு கேட்டா? அட்மின் லாகின் யார் யார் கைல இருக்கு, பிள்ளையளுக்க முகம் எத்தன வருசம் அங்க கெடக்கும், காண்ட்ராக்ட் முடிஞ்சா அழிப்பானா, கம்பெனிய வித்துட்டுப் போனா டேட்டா யாருக்குன்னு மெயில் போட்டேன், "எங்க பிராடக்ட் முழுக்க சேஃப்"னு ஒரே வரில பதில் வந்துது.

நாஞ்சில் புரொபசர்: டேட்டா இந்தியாவுக்குள்ள இருக்கது முக்கியமில்லன்னு சொல்ல வாறியா தம்பி? மத்திய அரசுக்க சைபர் பாதுகாப்பு அமைப்பு செர்ட்-இன் 2022 ஏப்ரல்ல போட்ட உத்தரவ படி. இந்தியாவுக்குள்ள வைக்கணும்னு தெளிவா இருக்கு. மும்பை இந்தியால தான இருக்கு?

தக்கலை அட்மின்: அது லாக் சார், லாக்! யாரு எப்ப உள்ள வந்தா, என்ன செஞ்சான்னு சிஸ்டம் எழுதி வைக்கிற பதிவு. 180 நாள் லாக்க இங்க வைக்கணும்னு சொல்லுதான். அதே உத்தரவுல ஹேக் ஆனா 6 மணி நேரத்துல ரிப்போர்ட் பண்ணணும்னும் இருக்கே, அத ஏன் விட்டுட்டீங்க? ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா ஆப் விக்கவனுக்க ஆபீஸ்ல போன் எடுக்க ஆள் உண்டா? 2023 டேட்டா பாதுகாப்பு சட்டம் வெளிநாட்டுக்கு அனுப்பதயே மொத்தமா தடுக்கல, அரசு தடுக்கிற நாட்டுக்கு மட்டும் தான் அனுப்பக் கூடாது. ஆனா ஒழுங்கா பாதுகாக்கலன்னா 250 கோடி வரை அபராதம், பொறுப்பு காலேஜ் தலைல.

மார்த்தாண்டம் அக்கா: 250 கோடின்னு பயங்காட்டாதீங்க. ரூல்ஸே 2025 நவம்பர்ல தான் வந்துது, முக்கியமானது எல்லாம் 18 மாசம் கழிச்சு தான். எனக்க கேள்வி வேற. எங்க ஆபீஸ்க்கு வந்த மூணு கொட்டேஷன்லயும் ஒரே வரில ஒரே எழுத்துப்பிழை. மூணு லெட்டர்பேட், அடிச்சது ஒரே கை. அத எந்த கமிட்டி பாக்குது?

நாஞ்சில் புரொபசர்: யாரச் சொல்லுதீங்க மேடம்? நாங்க எல்-1, கொறஞ்ச ரேட் குடுத்தவன பாத்து தான் போட்டோம்.

மார்த்தாண்டம் அக்கா: உங்க காலேஜ்னு நான் சொன்னனா? ஏன் பதறுதீங்க?

குளச்சல் பையன்: எங்க முகத்த எடுக்கதுக்கு எங்ககிட்ட கேட்டீங்களா சார்? பாஸ்வேர்ட் போனா மாத்தலாம். முகம் போனா?

நாஞ்சில் புரொபசர்: பெரியவங்க பேசுற இடத்துல ஸ்டூடன்டுக்கு என்ன வேல? மும்பைல இருக்க டேட்டா எங்க போவும்?

தக்கலை அட்மின்: அவன் கேட்டதுக்கு பதில் சொல்லுங்க, அவனுக்க முகம் தான அது. திரும்பத் திரும்ப மும்பைங்கீங்க. நம்ம ஹாஸ்டல் கேமராவுக்க டிவிஆர், அந்த ரெக்கார்டிங் பெட்டி, எங்க இருக்கு? வார்டன் ரூம்ல, மேசைக்கு அடில. பெட்டிய திருப்பிப் பாத்தா கம்பெனி பாஸ்வேர்ட் ஸ்டிக்கர்ல ஒட்டியிருக்கு, அதே பாஸ்வேர்ட்ல தான் இன்னைக்கும் ஓடுது, மாட்டினவன் ரூட்டர்ல போர்ட்டயும், நெட்ல இருந்து யாரும் உள்ள வரக்கூடிய வழிய, திறந்து போட்டுட்டு போயிருக்கான். 2016ல மிராய்னு ஒரு மால்வேர் வந்துது, இப்படி பாஸ்வேர்ட் மாத்தாத கேமரா, டிவிஆர லட்சக்கணக்குல பிடிச்சு தான் அமெரிக்கால வெப்சைட் பேருக்கு வழி காட்டுற டைன் (Dyn) கம்பெனிய அடிச்சான், அத நம்பியிருந்த ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்குல படுத்துது. அங்க பல யுனிவர்சிட்டில செக்யூரிட்டி பாக்க ஹெக்வாட்னு ஒரு கேள்வித்தாளே வச்சிருக்கான், வெண்டர் நிரப்பிக் குடுத்தா தான் பேச்சே. இங்க ரெண்டு கேள்வி கேட்டா நான் வேலைய தடுக்கவன்.

நாஞ்சில் புரொபசர்: அந்த கேமராவ வாங்கும்போ உங்க செக்‌ஷன் தூங்கிச்சா?

தக்கலை அட்மின்: ஃபைல் எனக்க மேசைக்கு வந்தா தான? பில் பாஸான பொறவு தான் எனக்கு பெட்டியே தெரியும். அப்ப பர்சேஸ் கமிட்டில இருந்தது நீங்க.

நாஞ்சில் புரொபசர்: பழைய கதைய தோண்டாத. நீ டிப்ளமோ சேரும் முன்னயே நான் நெட்வொர்க்கிங் பாடம் எடுத்தவன், எனக்கு நீ செக்யூரிட்டி படிச்சுத் தராண்டாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு, சர்வர் மும்பைல இருக்கா இல்லியா?

மார்த்தாண்டம் அக்கா: கொட்டேஷனுக்கு ஒருத்தரும் வாய் திறக்கல பாத்தீங்களா.

தக்கலை அட்மின்: சர்வர் எங்க வேணாலும் இருக்கட்டும் சார். அழிப்பேன்னு எழுதி, கையெழுத்து போட்டு வாங்கீட்டு வாங்க, அன்னைக்கே ஃபைல் நகரும்.

நாஞ்சில் புரொபசர்: செகரட்டரிட்ட பேசிக்கிடுதேன்.

தக்கலை அட்மின்: பேசுங்க. அங்கயும் இதத் தான் கேப்பேன்.