ரெதோனின் 'ரேவ்': கனவு போதுமா? (திங்கட்கிழமைக்குள் சொல் வேண்டும்)

தே. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

பிரெஞ்சிலிருந்து ஓவிய வரலாற்று நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். குறியீட்டிய (சிம்பலிஸ்ட்) ஓவியர்களைப் பற்றிய அத்தியாயம் மட்டும் பாக்கி. திங்கட்கிழமை காலை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அத்தியாயத்தின் முதல் படம் ப்யுவி த ஷவான் 1883இல் வரைந்த 'கனவு', பிரெஞ்சில் 'ரேவ்'. வழிப்போக்கன் ஒருவன் பிறைநிலா வெளிச்சத்தில் மரத்தடியில் தூங்குகிறான். வானத்தில் மூன்று பெண்கள் மிதந்து வருகிறார்கள்: காதல், புகழ், செல்வம். இதில் சிக்கல் இல்லை. தூங்குகிறவனும் இருக்கிறான், அவன் காண்பதும் இருக்கிறது. கனவேதான்.

அடுத்த பக்கத்தில் ஓதிலோன் ரெதோனின் 'மூடிய விழிகள்', 1890. நீர்ப்பரப்புக்கு மேலே தோள்வரை ஓர் உருவம், சாய்ந்த தலை, மூடிய கண்கள். அவ்வளவுதான். கனவில் என்ன வந்தது என்பதற்குப் படத்தில் எதுவுமே இல்லை. நூலாசிரியர் இதற்கும் அதே 'ரேவ்' போடுகிறார், இரண்டு இடங்களில் 'ரேவ்ரி' (நினைவில் ஆழ்ந்து கிடப்பது) என்கிறார். அந்த முகம் தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்றே சொல்ல முடியவில்லை. காணும் கனவுக்கு அல்ல, காண்பவர் இருக்கும் நிலைக்கு ஒரு சொல் வேண்டும். 'பகற்கனவு' மட்டும் வேண்டாம். அதைக் கேட்டாலே எனக்கு அப்பாவின் திட்டுதான் ஞாபகம் வருகிறது.

க.ஆ. எழுதியது:

அன்புள்ள மகளுக்கு,

சொல்லைத் தேடுமுன் வேரைப் பார்ப்போம். 'நனவே களனும் அகலமும் செய்யும்' என்பது தொல்காப்பிய உரியியல். நனந்தலை உலகம் என்கிறோமே, அதே நன. ஆக நனவு என்பது விரிந்த வெளி. அதற்கு எதிரிணை கனவு. கன என்பது செறிவு, திணிவு. விழித்திருக்கும்போது உலகம் அகலமாக இருக்கிறது, கண்ணை மூடினால் அது திணிந்து கனக்கிறது. கனத்தல், கனம், கனவு எல்லாம் ஒரு குடும்பம். எனவே 'கனவு' என்ற சொல்லிலேயே நீங்கள் கேட்கும் நிலை அடங்கியிருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

பொ. எழுதியது:

> கனத்தல், கனம், கனவு எல்லாம் ஒரு குடும்பம்

ஐயா, கனம் வடமொழி இல்லையா? அப்புறம், நேரடியாக 'நனவிலி' என்றே போட்டால் என்ன? உளவியலில் 'அன்கான்ஷியஸ்' என்பதற்கு ஏற்கெனவே இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

க.ஆ. எழுதியது:

கனம் வடமொழி என்று யார் சொன்னது? கன்னுதல், கனிதல், கனலுதல் ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். விரிவாக இரவு எழுதுகிறேன்.

(இரவு எழுதினார். நான்கு பக்கம். காப்பகத்தில் இருக்கிறது, விரும்புவோர் படிக்கலாம். - மட்டுறுத்துநர்)

ர. எழுதியது:

நான் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவன், இலக்கணம் தெரியாது. ஆனால் பொ. சொல்லும் 'நனவிலி' கூடவே கூடாது. ஃப்ராய்டின் கனவு நூல் 1899 நவம்பரில்தான் வெளிவந்தது, அட்டையில் 1900 என்று போட்டார்கள். ரெதோனின் முதல் கல்லச்சு (லித்தோகிராஃப்) தொகுப்பே 1879. அதன் பெயரும் 'கனவினுள்'. இருபது வருடம் முந்தியவர் தலையில் ஃப்ராய்டின் சொல்லைக் கட்டினால், படம் பார்க்கிறவன் உடனே ஒளித்துவைத்த ஆசையைத் தேட ஆரம்பித்துவிடுவான். ரெதோன் அப்படிப் புதிர் போட்டு விடை வைக்கிறவர் இல்லை. கண்ணுக்குத் தெரியும் பொருள்களின் ஒழுங்கைக் கண்ணுக்குத் தெரியாததற்கு வேலை செய்ய வைப்பதுதான் தன் வழி என்றவர்.

க.ஆ. ஐயாவின் 'செறிவு' சரியோ தப்போ, எனக்குப் பிடித்திருக்கிறது. ரெதோன் பல வருடம் கரியிலும் கல்லச்சிலும் கறுப்பாகவே வரைந்துகொண்டிருந்தார். அந்தக் கறுப்பு கனம்தான்.

வகுப்பில் நான் 'கனா மயக்கம்' என்று சொல்லிப் பார்த்தேன். "என்ன மாத்திரை சார்?" என்றான் கடைசி வரிசைப் பையன். அதோடு விட்டுவிட்டேன்.

வே. எழுதியது:

தே. அக்கா, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம். அறிதுயில். பாற்கடலில் பெருமாள் கொள்ளும் தூக்கம். துயில்வதுபோல் இருக்கிறது, ஆனால் அறிவு விழித்திருக்கிறது. 'மூடிய விழிகள்' படத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இருக்காது.

பொ. எழுதியது:

அறிதுயில் என்றால் இப்போது ஹிப்னாடிசம். தேடிப் பாருங்கள், கடிகாரத்தை ஆட்டும் மனிதர்தான் வருவார்.

வே. எழுதியது:

வரட்டுமே. ஹிப்னாஸ் யார்? கிரேக்கர்களின் தூக்கக் கடவுள். ஃபெர்னான் க்னாஃப் என்ற பெல்ஜிய ஓவியர் 1891இல் வரைந்த 'என்மீதே நான் கதவைப் பூட்டிக்கொள்கிறேன்' படத்தில், மோவாயைக் கையில் தாங்கி நம்மையே வெறிக்கும் பெண்ணுக்குப் பின்னால் அலமாரியில் இறகு முளைத்த ஒரு தலை இருக்கிறதே, அது ஹிப்னாஸ்தான். அவள் கண் திறந்திருக்கிறது, ஆனால் பார்வை இங்கே இல்லை. அறிதுயில் அங்கேயும் பொருந்தும். உளவியல்காரர்கள் எடுத்துக்கொண்டால் நமக்கு உரிமை போய்விடுமா?

ம. எழுதியது (யாழ்ப்பாணத்திலிருந்து):

நாங்கள் பள்ளிக்கூடத்தில் பாடத்தையே 'சித்திரம்' என்றுதான் படித்தோம். ஓவியம் என்றே எழுதவேண்டும் என்று அடம்பிடிக்கும் இந்தக் குழுவில் இதைச் சொல்லப் பயமாகத்தான் இருக்கிறது. என் கவலை வேறு. 'அறிதுயில்' என்றதும் தமிழ் வாசகருக்குப் பாம்பணையும் பாற்கடலும் வந்துவிடும். ரெதோனின் முகத்தின் மேல் நாமே ஒரு நாமத்தைப் போட்டுவிடுவோம்.

வே. எழுதியது:

நாமம் போடுவது என்பதற்கு இரண்டு பொருள் உண்டு, ம. எதைச் சொல்கிறார்?

மட்டுறுத்துநர்: சொல்லுக்குத் திரும்புவோம்.

க.ஆ. எழுதியது:

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை ஏன் யாரும் திறக்கவில்லை? 'நாணுதல் துஞ்சல் அரற்றுக் கனவெனாஅ' என்று பட்டியல் போகிறதே. துஞ்சல், தூக்கத்தில் அரற்றல், கனவு மூன்றையும் மெய்ப்பாடு என்கிறார் தொல்காப்பியர். மெய்ப்பாடு என்றால் உள்ளத்து நிகழ்ச்சி உடம்பில் தெரிவது. அடுத்தவர் கண்டு அறிவது. கனவு காண்கிறவனுக்கு உள்ளே என்ன வருகிறது என்பதைப் பற்றி இங்கே பேச்சே இல்லை, வெளியே முகத்தில் என்ன தெரிகிறது என்பதுதான். தே. கேட்டது இதுதானே?

இன்னொன்று. துஞ்சுதல் என்றால் சாவும்தான், 'குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்' நினைவிருக்கும்.

ர. எழுதியது:

ஐயா, இந்த மெய்ப்பாடு விஷயம் நான்கு பக்க வேர்ச்சொல்லுக்கும் சேர்த்து ஈடு கட்டிவிட்டது!

துஞ்சல் என்றதும் சுவிஸ் ஓவியர் ஹோட்லரின் 'இரவு' ஞாபகம் வருகிறது, 1890இல் முடித்தது. ஆணும் பெண்ணுமாகப் பலர் தூங்குகிறார்கள். நடுவில் ஒருவன் மட்டும் திடுக்கிட்டு விழிக்கிறான், அவன்மேல் கறுப்புப் போர்வைக்குள் ஓர் உருவம் குந்தியிருக்கிறது. விழிப்பவனின் முகம் ஹோட்லருடையதே. 1891இல் ஜெனீவாவில் ஒழுக்கக்கேடு என்று சொல்லிக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் வேறு இடத்தில் மாட்டி, காசு வாங்கிக்கொண்டு காட்டினார். பிறகு பாரிசில் பேர் வாங்கியது. அந்தப் படத்துக்குக் கனவு சரிப்படாது. துஞ்சல் சரி.

தே. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மெய்ப்பாட்டியல் வரியை அடிக்குறிப்பில் சேர்க்கப் பதிப்பாளரைக் கேட்கிறேன். ஆனால் சொல் இன்னும் வரவில்லை. இன்று சனி. குறளில் 'கனவுநிலை உரைத்தல்' என்று அதிகாரமே இருக்கிறதே, கனவுநிலை என்று போட்டால்? யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பொ. எழுதியது: ஆதரவு.

ம. எழுதியது: எனக்கும் சம்மதம்.

ர. எழுதியது: பையன்கள் சிரிக்கமாட்டார்கள். ஆதரவு.

க.ஆ. எழுதியது:

பரிமேலழகர் உரைப்படி அந்த அதிகாரத்தில் வருவது தலைமகள் கண்ட கனவினது நிலைமை. காண்பவளின் நிலைமை அல்ல. சொல்லைக் குறளிலிருந்து எடுத்துப் பொருளைத் திருப்புகிறீர்கள். இருந்தாலும் தடுக்கமாட்டேன். வயதாகிறது.

வே. எழுதியது:

எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள். நிலை என்றால் அது யாருக்கோ உரியதாக இருக்க வேண்டும். கோகன் 1897இல் தாஹிட்டியில் வரைந்த 'தெ ரெரியோவா'வை எடுத்துக்கொள்ளுங்கள், பெயருக்கே கனவு என்றுதான் பொருள். ஓர் அறையில் இரண்டு பெண்கள், தொட்டிலில் தூங்கும் குழந்தை, தூரத்துப் பாதையில் ஒரு குதிரைக்காரன். இது குழந்தையின் கனவா, தாயுடையதா, குதிரைக்காரனுடையதா, இல்லை ஓவியனுடையதா என்று கோகனே ஒரு கடிதத்தில் கேட்டுவிட்டு விட்டுவிட்டார். அங்கே யாருடைய 'கனவுநிலை' என்று எழுதுவீர்கள்? ரெதோனின் 1879 தொகுப்புக்கும் அதே கேள்வி. அதன் தலைப்பில் கனவுக்குள் இருப்பது யார்? பார்க்கிற நாம்தான்.

தே. எழுதியது:

வே. சொல்வது நியாயம். அந்தக் கோகன் படம் என் அத்தியாயத்திலும் இருக்கிறது, எண்பத்தேழாம் பக்கம். அதற்குக் 'கனவு' என்றே விட்டிருக்கிறேன். தொகுப்புக்கு ர. சொன்ன 'கனவினுள்'. 'மூடிய விழிகள்', க்னாஃப் இரண்டுக்கும் 'கனவுநிலை'. ஹோட்லருக்கு 'துஞ்சல்', பதிப்பாளர் வெட்டாமல் இருந்தால். ஒரு சொல் கேட்டு வந்தேன், நான்கோடு போகிறேன். கோப்பு சற்று முன்புதான் போனது.

வே. எழுதியது:

க்னாஃப் படத்தில் அவள் கண் திறந்திருக்கிறது அக்கா.

க.ஆ. எழுதியது:

கன்னுதல் பற்றி இன்னொரு சான்று கிடைத்திருக்கிறது. தனி இழையில் இடுகிறேன்.