திருப்பித் தராத புத்தகம்

குழு: நாங்கள் எல்லாரும்

பெரியம்மா (வவுனியா), பி.ப. 3.40: இன்றைக்கு மத்தியானம் கரண்டும் இல்லை, போனில் சார்ஜும் குறைவு. அலுமாரியைத் துப்புரவாக்கப் போனவள் ஒரு கதைப் புத்தகத்தோடு வேப்பமரத்தடியில் இருந்துவிட்டேன். சோளகக் காற்று நல்ல சுகம். நிமிர்ந்து பார்த்தால், அவித்துக் காயப்போட்ட நெல் முழுக்கக் கோழி கிளறியிருக்கிறது 😂

துசி: பெரியம்மா, புத்தகமா? சீட்டுக் கொப்பி தவிர நீங்கள் வேறு எதையும் வாசித்து நான் பார்த்ததில்லையே.

பெரியம்மா: டேய், உன் அம்மாவும் நானும் ஒரே விளக்கில் ஒரே புத்தகம் வாசித்தவர்கள். நான் வேகம், அவள் பக்கம் முடிக்கும்வரை காத்திருப்பேன். பிறகு பிள்ளைகள், அடுப்பு, ஓட்டம். விட்டுப்போச்சு.

கவி: எனக்குப் புத்தகம் என்றாலே பழைய சோதனை வினாத்தாள்தான் ஞாபகம். ஏ.எல். சோதனை முடிந்தும், கதை வாசித்தால் கோடு போடக் கை பேனை தேடுகிறது. என்ன புத்தகம்?

பெரியம்மா: நிலக்கிளி. அ. பாலமனோகரன் எழுதியது, 1973 வீரகேசரி வெளியீடு. முல்லைத்தீவுப் பக்கம் தண்ணிமுறிப்புக் கிராமத்துக் கதை. அட்டை கழன்றுவிட்டது, ஓரம் பூச்சி அரித்திருக்கிறது.

மாமா (முள்ளியவளை): அக்கா, தண்ணிமுறிப்புக் குளத்தில் தூண்டில் போட்டவன் நான்! முன்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா, பார்.

பெரியம்மா: பொறு.

பெரியம்மா: உன் பெயர். 1975. கீழே சிவப்பு மையில் "இரவல் கொடுக்கப்படமாட்டாது".

துசி: 😂😂😂

மாமா: பக்கத்து வீட்டுக்காரன்தான் எடுத்தான் என்று பத்து வருசம் அவனோடு நான் கதைக்கவில்லை, அக்கா!!

பெரியம்மா: கலியாணம் கட்டி வவுனியாவுக்கு வரும்போது என் பெட்டிக்குள் வந்திருக்க வேண்டும். திருப்பித் தரத்தான் நினைத்தேன்.

துசி: மாமா, புத்தகம் வேண்டுமென்றால் நூலகம் இணையத்தளம் இருக்கிறது. 2005 இல் தொடங்கியது. பழைய ஈழத்துப் புத்தகங்கள், சஞ்சிகைகள் எல்லாம் இலவசம். லிங்க் போடவா?

மாமா: போடு. ஆனால் போனில் இரண்டு பக்கம் வாசித்தால் கண் எரிகிறது, மூன்றாம் பக்கத்தில் யாராவது கோல் எடுப்பார்கள்.

மாமா, பி.ப. 6.15: அக்கா, ஒன்று யோசித்தேன். இரண்டு ட்ரங்குப் பெட்டி நிறையப் புத்தகம் வைத்திருந்தேன். 2009 யுத்தத்தில் ஒரு தாளும் மிஞ்சவில்லை. நீ ஒழுங்காகத் திருப்பித் தந்திருந்தால் இதுவும் போயிருக்கும்.

பெரியம்மா: ம்.

கவி: ஞாயிற்றுக்கிழமை வவுனியா வருகிறேன். அடுத்தது எனக்கு. பேனை கொண்டுவர மாட்டேன்.

மாமா: பெயர் போட்டவனுக்குத்தான் முதல்!

பெரியம்மா, பி.ப. 9.05: கரண்ட் வந்துவிட்டது. வெளியே நாடகம் ஓடுகிறது, நான் அறைக்குள். இன்னும் 40 பக்கம் இருக்கிறது. அதுவரை ஒருவரும் கேட்கக்கூடாது. அப்புறம், தம்பி, அந்தப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு கோல் எடு.